பியூலாவைக் குளிப்பாட்டியவள்

நீ டவுனில் ஏறினாயா தாயி, கோர்ட்டு ஸ்டாப்பில் ஏறினாயா? டவுனிலா? அப்போ சரி. உட்காரு.

எதற்குக் கேட்டேன் என்றால், இன்றைக்குக் கோர்ட்டில் என்னைப் பார்த்தவர்கள் இந்த பஸ்ஸிலும் இருக்கிறார்கள். அதோ, டிரைவருக்குப் பின்னால் பச்சைப் புடவை. திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். நீ பார்க்காதே. பார்த்தால் அவளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைப்பாள். ஜன்னல் பக்கம் நீயே வைத்துக்கொள். எனக்கு இப்போது ஜன்னல் பக்கம் ஆகாது. நிற்கிற இடத்திலெல்லாம் ஆட்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

என் பெயர் ஞானப்பூ. ஊரைக் கேட்காதே, தேரிக்காட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள். பேப்பரில் வந்துவிட்டது தாயி. அண்ணன் தம்பி கேஸ் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரியவன் மேல் கொலைக் கேஸ். கட்டின பெண்டாட்டியைக் கொன்றுவிட்டான் என்று. அப்படிச் சொல்லுகிறது யார்? என் சின்னவன். இரண்டு பேரும் நான் பெற்றதுகள்தான். ஒருவன் கூண்டில் நிற்கிறான், இன்னொருவன் எதிரே நின்று "எங்க அண்ணந்தான்" என்று கை நீட்டுகிறான். இப்படி ஒரு காலம் எந்தத் தாய்க்காவது வந்திருக்குமா?

சின்னவனை அப்ரூவர் என்கிறார்கள். கூட இருந்து செய்தவன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் அவனுக்குச் சர்க்கார் மன்னிப்பு உண்டாம். அந்த வார்த்தை என் வாயில் நுழையவே ஒரு மாதம் ஆயிற்று. நான் ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் வராது. ஆனால் ஜெபம் பண்ணாத நாள் கிடையாது. விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்றால் பால்காரன் மணி அடிக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். அப்படி ஜெபத்தில் வளர்த்த பிள்ளைகள் இவர்கள். அதுதான் வெட்கமாக இருக்கிறது. வேறு வீட்டில் நடந்திருந்தால் "ஜெபமில்லாத வீடு" என்று நானே சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன்.

பெரியவன் ராபின்சன். என் வீட்டுக்காரர் இறந்துபோகும்போது இவனுக்குப் பத்தொன்பது வயது. பந்தல், நாற்காலி, சீரியல் லைட்டு வாடகைக்கு விடுகிற தொழிலை ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, வீட்டைத் தூக்கி நிறுத்தினவன். தங்கச்சியைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தவன். அவள் இப்போது போன் எடுப்பதில்லை, அது வேறு கதை. சின்னவன் ஜெபசிங், அண்ணனிடம் லோடு ஆட்டோ ஓட்டினான். கம்பு ஏற்றுவது, இறக்குவது, அண்ணன் சொன்னதைச் செய்வது. "ஏல, அதை எடு." எடுப்பான். "ஏல, இதைப் பிடி." பிடிப்பான். ஏன் எதற்கு என்று கேட்டுப் பழகாதவன். நான்தான் அப்படிப் பழக்கினேன். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தானே அப்பா.

பெரியவனுக்குக் கோபம் வரும். ஆனால் மனசு பால் தாயி. அடித்த கையோடு பூ வாங்கி வந்து கொடுப்பான்.

அந்தப் பிள்ளை பியூலா. நர்சுக்குப் படித்தவள். அவளுடைய அப்பா டெய்லர் தவமணி, பக்கத்து ஊர்ச் சபைக்காரர், ஒன்றும் தெரியாத மனுஷன். கல்யாணமான இரண்டாம் வருஷம் டவுன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ராத்திரி டியூட்டி. இவனுக்குப் பிடிக்கவில்லை. எந்த ஆம்பளைக்குப் பிடிக்கும்? அவள் போவேன் என்றாள். அங்கேதான் ஆரம்பம்.

ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் அடுத்த தெருவில் தனியாக வாடகைக்கு இருந்தார்கள், நானும் சின்னவனும் பழைய வீட்டில். உதடு வீங்கியிருந்தது. "மாமி, நீங்க ஒரு வார்த்தை அவியட்ட சொல்லுங்க" என்றாள். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம், நடுவில் போய் நிற்கலாமா? அவளை உட்கார வைத்து உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். அவள் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தேன், எனக்கே அழுகை வந்துவிட்டது. முடித்து எழுந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவள் குறை சொல்லிக்கொண்டு வந்ததில்லை தாயி. ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்றுதான் நானும் நிம்மதியாக இருந்தேன்.

இரு, கண்டக்டர் வருகிறார். நான் சீட்டு எடுத்துவிட்டேன்.

எங்கள் ஸ்டாப்புக்கு எடுக்கவில்லை, அதற்கு அடுத்த ஸ்டாப்புக்கு. அங்கே இறங்கிப் பின்பக்கம் பனங்காடு வழியாக நடந்து வந்தால் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் போய்விடலாம். இந்த ஒரு வருஷமாக அப்படித்தான்.

நான் செய்கிற ஒரு வேலையைச் சொன்னால்தான் உனக்கு மற்றது விளங்கும். எங்கள் சபையில் பெண்கள் யார் இறந்தாலும் குளிப்பாட்டுகிறது நான்தான். என் மாமியாரிடமிருந்து எனக்கு வந்தது. கூலி வாங்குவதில்லை, அது ஊழியம். அதில் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. உடம்பைத் திறந்து போட்டுக் குளிப்பாட்ட மாட்டோம். கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் ஒரு வெள்ளைத் துணியை மூடி, அந்தத் துணிக்குள் கையை விட்டுத்தான் கழுவுவோம். உயிரோடு இருக்கும்போது எவ்வளவு மறைவாக இருந்தாளோ அவ்வளவு மறைவாகப் போக வேண்டும். பார்க்கக் கூடாது. கைதான் எல்லாம் செய்யும். துணி மாற்றுகிறதும் அப்படியே, மூடியிருக்கிற துணிக்குள்ளேயே மாற்றிவிடுவோம். ஒருத்தி தண்ணீர் ஊற்றுவாள், ஒருத்தி தாங்கிப் பிடிப்பாள், நான் கழுவுவேன். எத்தனையோ பேரைக் கழுவின கை இது. குழந்தை பெற்ற வயிறு எது, பெறாத வயிறு எது என்று துணிக்கு மேலே நிற்கிறவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பதும் அந்த முறையில் சேர்த்திதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கோயில் பெருக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பெருக்குகிற முறை எங்களுடையது. ஜெபசிங் ஓடி வந்தான். காலில் செருப்பு இல்லை, அந்த வெயிலில். "எம்மா, வா" என்றான்.  போனேன். பெரியவன் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனோம்.

பாத்ரூமில் கிடந்தாள். ராபின்சன் வெளியே, பந்தல் சாமான் போடுகிற கொட்டகையில், அடுக்கின நாற்காலி மேல் உட்கார்ந்திருந்தான். "வழுக்கி விழுந்துட்டாம்மா" என்றான். ஜெபசிங் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரை காய்ந்துதான் கிடந்தது. கோடை இல்லையா, தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம், "வெந்நீர் போடுங்க" என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். ஊர் கூடுவதற்கு முன்னால் குளிப்பாட்டிவிடுவோம் என்று. வீட்டுப் பிள்ளை, பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் கண்ணியமாக இருக்கட்டும் என்றுதான். வழக்கமாக வருகிற இரண்டு பெண்களைக்கூட அன்றைக்குக் கூப்பிடவில்லை. நானே தண்ணீர் ஊற்றி, நானே கழுவி, துணிக்குள்ளேயே கல்யாணப் புடவையைக் கட்டிவிட்டேன். எங்களில் சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கல்யாண வெள்ளைப் புடவைதான். கல்யாணத்துக்குத் தலையில் போடுகிற வலைத்துணி, நெட்டு இருந்தது பார், அதை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுப் போட்டு ஊக்கு குத்தினேன். அழகாக இருந்தது தாயி. வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், பெட்டிக்குள் மணவாட்டி மாதிரி இருக்கிறாள் என்று.

ஞாயிறு ஆராதனை முடிந்து அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு டெய்லர் தவமணி என்னிடம் வந்தார். அழுது அழுது குரலே இல்லை. "சம்பந்தி, எம் பிள்ளைக்குப் பச்சத்தண்ணி ஒத்துக்காது. வெந்நீர்தான் ஊத்துனீங்க?" என்று கேட்டார். வெந்நீர்தான் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் அந்தக் கும்பிடு எனக்கு என்னமோ போல் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அதோடு முடிந்திருக்கும். ஜெபசிங்தான் முடிய விடவில்லை.

சாப்பிடமாட்டான். வண்டி எடுக்கமாட்டான். அண்ணன் கூப்பிட்டால் ஏதோ கனவிலிருந்து எழுந்தவன் மாதிரி பார்ப்பான். எட்டாம் நாள் ஜெபக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய் டெய்லர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். அந்த மனுஷன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்ன தம்பி என்று கேட்டிருக்கிறார். இவன் சொல்லிவிட்டான். சண்டை கொட்டகையில் நடந்ததென்றும், பந்தல் கட்டுகிற நைலான் கயிறு என்றும், தன்னைக் கூப்பிட்டபோதே மதினி மூச்சு நின்றுவிட்டது என்றும், அண்ணன் "ஏல, காலைப் பிடி" என்றதும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்ரூமில் போட்டது தான்தான் என்றும்.

ஒரு குடும்பத்துப் பேச்சைக் கொண்டுபோய் அடுத்த ஊர் வாசல்படியில் வைக்கலாமா தாயி? என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் ஜெபித்திருப்பேன்.

அப்புறம் போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். கல்லறையைத் தோண்டினார்கள். நான் அங்கே போகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு நாள் கடந்துபோனதால் திட்டமாக ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டாராம். அப்போதே நான் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் இவன் மாஜிஸ்திரேட்டிடமே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அப்ரூவர் ஆனான். ஆனாலும் கேஸ் முடிகிறவரைக்கும் அவனையும் உள்ளேதான் வைத்திருப்பார்களாம். அண்ணனை ஒரு ஜெயிலில், தம்பியை வேறு ஜெயிலில். ஒன்றாக வைத்தால் என்ன ஆகும் என்று பயம். ஒன்றாக ஒரே பாயில் படுத்து வளர்ந்த பிள்ளைகள்.

ஒரு வாரம் இங்கே மனு எழுதிக் கொடுத்துப் பார்ப்பேன், மறு வாரம் அங்கே.

ராபின்சன் மெலிந்துபோனான். முதல் இரண்டு தடவை அழுதான். மூன்றாம் தடவை அழவில்லை. "எம்மா, நீ துணி மூடித்தான குளிப்பாட்டுவ?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அதைச் சொன்னாப் போதும். கண்ணால பாக்கலன்னு சொல்லு. நீ பொய் சொல்ல வேண்டாம்" என்றான். எவ்வளவு அறிவு பார் அவனுக்கு. அம்மாவைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஜெபசிங் அந்த மாதிரி ஒன்றும் கேட்கமாட்டான். ஆடு குட்டி போட்டுதா, மழைக்கு ஓடு ஒழுகுதா என்று கேட்பான். எனக்கே பொறுக்காமல் ஒரு தடவை, "ஏம்ல இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டான். "மதினி எனக்குச் சோறு போட்டிருக்காம்மா" என்றான். சோறு போட்டிருக்கிறாளாம். நான் போடாத சோறா?

சர்க்கார் வக்கீல் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கூட இருந்து செய்தவன் பேச்சை மட்டும் நம்பி ஒருவனைத் தண்டிக்கமாட்டார்கள் என்றார். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் சொல்லலாம் இல்லையா, அதனால் அவன் சொல்லுக்கு முட்டுக் கொடுக்க வேறு ஒரு சாட்சி வேண்டும். "உங்க சின்ன மகன் கயிறுங்கிறான். அந்தக் கழுத்தைக் கடைசியாத் தொட்டது நீங்க. உங்களைத் தவிர வேற ஆள் இல்லம்மா" என்றார். நீங்கள் சொன்னால் அவன் சொன்னது உண்மை, நீங்கள் சொல்லாவிட்டால் அண்ணன் சொத்துக்காகக் கதை கட்டினவன் என்று அவனை ஆக்கிவிடுவார்கள் என்றார். எனக்குக் கேட்கவே வெட்கமாக இருந்தது. என் வீட்டுக் காரியத்தை இன்னொருவர் எனக்கு விளக்கிச் சொல்லுகிறார்.

போன வாய்தாவில் ஜெபசிங் சாட்சி சொன்னான். நானும் சாட்சி என்பதால் உள்ளே விடவில்லை. போய்க் கேட்டவர்கள் வந்து சொன்னார்கள். காலையிலிருந்து மத்தியானம்வரை ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னானாம். ராபின்சனின் வக்கீல் எப்படியெல்லாமோ புரட்டிப் பார்த்தாராம், அசையவில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் மாட்டிக்கொண்டான். தூக்கிப் போட்ட பிறகு அங்கே யார் வந்தது என்று கேட்டிருக்கிறார். யாரும் வரவில்லை, சாயங்காலம்தான் அம்மாவும் மற்றப் பெண்களும் வந்தார்கள் என்று இவன் சொல்லியிருக்கிறான். ஆனால் மத்தியானமே ஒருத்தி என்னைப் பார்த்திருக்கிறாள், அந்தப் பச்சைப் புடவைதான், அவர்கள் பக்கத்து வீட்டுக்காரி. இவன் ஓடுகிறதையும் நான் பின்வாசல் வழியாகப் போகிறதையும் போலீசில் சொல்லி வைத்திருக்கிறாள். வக்கீல் அதை எடுத்துக் காட்டி, "அம்மா வந்ததிலேயே பொய் சொல்றவன் அண்ணன் விஷயத்தில் மட்டும் உண்மையா சொல்லுவான்?" என்று கேட்டாராம். கோர்ட்டே சிரித்ததாம். இவன் தண்ணீர் கேட்டுக் குடித்தானாம்.

அவன் சின்னதிலிருந்தே அப்படித்தான் தாயி, ஒரு காரியத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. செருப்பில்லாமல் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டவனே அவன்தான். அதைப் போய் எப்படி மறந்தான்?

இன்றைக்கு என் முறை.

டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டான். ஊர்ப் பெயரோடு, புருஷன் பெயரோடு. அவர் பெயர் அந்த வராந்தாவில் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. கூண்டில் ஏறச் சொன்னார்கள். சாட்சிக் கூண்டு வேறு, குற்றவாளிக் கூண்டு வேறு, இரண்டும் எதிரெதிரே. அங்கிருந்து ராபின்சன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆண்டவர் பெயரால் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். அதில் எனக்குப் பயமில்லை, நான் பொய் சொல்லப் போவதில்லை என்றுதானே வந்திருந்தேன்.

சர்க்கார் வக்கீல் கேட்டார். குளிப்பாட்டினது யார்? நான். கூட யார்? யாருமில்லை. எப்போதும் துணைக்கு ஆள் உண்டா? உண்டு. அன்றைக்கு ஏன் இல்லை? வீட்டுப் பிள்ளை, அதனால். கழுத்தில் தடம் ஏதாவது பார்த்தீர்களா?

"பாக்கலங்கய்யா. நாங்க துணி மூடித்தான் குளிப்பாட்டுவோம்" என்றேன். முறையைப் பற்றி எல்லாம் விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடக்கத்தன்று பெட்டியைச் சுற்றி நின்று எடுத்த போட்டோவைக் காட்டினார். கழுத்தில் இந்த நெட்டைச் சுற்றினது யார்? நான்தான். எதற்கு? "அழகுக்கு" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. ஜட்ஜிடம் ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டு, நான் பெரியவன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்கிற மாதிரி இன்னும் நாலு கேள்வி முறைத்துக்கொண்டே கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதைத்தான் சொன்னேன், பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று. ராபின்சனின் வக்கீல் எழுந்து, எனக்குக் கேள்வி ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று இறங்கக் காலெடுத்தேன்.

"இருங்கம்மா" என்றார்கள் ஜட்ஜ் அம்மா.

என் மகள் வயதுகூட இராது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கோபமாக இல்லை. ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று கேட்பார்களே, அப்படி.

"கண்ணை விடுங்க. உங்க கைக்கு என்ன தெரிஞ்சது?"

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே தாயி. ராபின்சனும் சொல்லவில்லை, வக்கீலும் சொல்லவில்லை.  டைப் அடிக்கிற பெண் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கைக்குத் தெரிந்தது. உனக்குச் சொல்வதில் என்ன? நீ யாரோ, நான் யாரோ. மடியில் தலையை வைத்தபோதே தெரிந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு வரி, விரல் வைத்தால் விரல் அதிலேயே ஓடுகிற மாதிரி, காதுக்குக் கீழே வரைக்கும். அது சங்கிலி அழுத்தினதாகக்கூட இருக்கலாம் என்று நான் நினைத்தேன். தாலிச் சங்கிலி கெட்டிச் சங்கிலிதான். அன்றைக்கு அது கழற்றி அலமாரியில் இருந்தது, நான்தான் எடுத்துப் போட்டுவிட்டேன், அது வேறு விஷயம். கழுவும்போது மறுபடியும் தெரிந்தது. நான் அந்த இடத்தில் மெதுவாகத்தான் கழுவினேன். வலிக்குமே என்கிற மாதிரி மெதுவாகக் கழுவினேன்.

ராபின்சனைப் பார்த்தேன். கும்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து அவன் கும்பிட்டு நான் பார்த்ததேயில்லை.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றேன்.

ஜட்ஜ் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள். நான் சொன்னதைத் தமிழிலேயே திருப்பிச் சொல்லி டைப் அடிக்கச் சொன்னார்கள். 'கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.' கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் கையெழுத்து நன்றாகப் போடுவேன், இன்றைக்குக் கோணலாகப் போயிற்று.

வெளியே வந்தபோது ராபின்சனின் வக்கீல் பின்னாலேயே வந்து, "பெத்த தாய் சொல்லுக்கு மேல என்னம்மா இருக்கு? இனி வீட்டைச் சுத்தம் பண்ணி வைங்க, மகன் வந்துருவான்" என்றார். டெய்லர் தவமணி தூண் பக்கத்தில் நின்றார். நான் அவரைக் கடந்து போகிறவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜெபசிங்கையும் இன்றைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வேனுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் ஒரு ஏட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லவர், பேசிக்கோங்க என்று கையை விட்டுவிட்டு ஓர் எட்டுத் தள்ளி நின்றார்.

"கேட்டாங்களாம்மா?" என்றான்.

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

 ஏட்டுதான் மெதுவாகச் சொன்னார், "அம்மா ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க தம்பி" என்று.

தலையை ஆட்டினான். கோபமில்லை. கோபம் வந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

"சரிம்மா. நீ மத்தியானமே வந்தன்னு நான் சொல்லல. சொன்னா உன்னையும் கேசுல சேத்துருவாங்கன்னு பயமா இருந்துச்சு. அது ஒண்ணுதான் நான் மறைச்சது" என்றான்.

மறந்துவிட்டான் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? உன்னிடம் இப்போது சொல்லும்போதுகூட மறந்தான் என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அவன் அந்த ஓர் இடத்தை எனக்காக ஓட்டை விட்டு வைத்திருக்கிறான். அந்த ஓட்டை வழியாகத்தான் அந்த வக்கீல் நுழைந்தது.

வேனில் ஏற்றக் கூப்பிட்டார்கள். ஏட்டு மறுபடியும் அவன் கையைப் பிடித்தார். போகிற போக்கில் திரும்பி, ஏதோ கடையில் சாமான் விலை கேட்கிற மாதிரி கேட்டான்:

"அண்ணன் வெளிய வந்தா, நான் எங்கம்மா வரட்டும்?"

யோசித்துப் பார் தாயி. அந்த வாடகை வீட்டை விட்டாயிற்று, இருக்கிறது பழைய வீடு ஒன்று. அவன் வந்தால் இவன் அந்த வாசலில் கால் வைக்க முடியாது. கொன்றுபோடுவான். ஆமாம், கொன்றுபோடுவான். நானே சொல்லிவிட்டேன் பார். அந்தப் பச்சைப் புடவை திரும்புகிறாள், சத்தமாகப் பேசிவிட்டேனோ?

நான் வாயைத் திறந்தேன். எதற்கும் ஒரு வார்த்தை என் வாயில் இருக்கும், துக்க வீடோ கல்யாண வீடோ, நான் வாய் திறந்தால் எல்லோரும் ஆமென் சொல்லுவார்கள். அந்த வேன் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், மீசை எல்லாம் நரைக்கத் தொடங்கியிருக்கிறது, முப்பதுகூட ஆகவில்லை.  எனக்கு அவகாசம் கொடுக்கிற மாதிரி நின்றான். அப்புறம் அவனே சிரித்துக்கொண்டு, "சரி, நீ போம்மா. நேரமானா பஸ்ல உக்கார இடம் கிடைக்காது" என்றான்.

இடம் கிடைத்துவிட்டது, பார்.